சூரியன் தின்ற நாள்

என் வாழ்நாளில் நான் எழுதியவற்றுள், ஓர் ஊரே மூச்சை அடக்கிக்கொண்டு, தலையை உயர்த்தி, ஒரு சொல் விடாமல் கேட்ட உரைநடை சில வரிகள்தாம். கேட்டவர்களில் ஒருவருக்கும் அதன் பொருள் விளங்கவில்லை. விளங்கியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள், விளங்காததனால் நம்பிவிட்டார்கள். அந்தச் சில வரிகளைச் செதுக்க ஒரு மாலைப்பொழுது முழுவதையும் செலவிட்டேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். (அந்த நேரத்தில் கணினி நிரலை இன்னொரு தடவை சரிபார்த்திருக்கலாம். தோணவே இல்லையே!)

என் பணி விண்வெளி வானிலை பற்றியது. கதிரவன் அவ்வப்போது தன்னுடலின் ஒரு பகுதியைப் பிய்த்து எறிவதுபோல மின்துகள்களைப் பெருந்திரளாக வீசும். அது பூமியை வந்து தாக்கினால் செயற்கைக்கோள்கள் தடுமாறும். வானொலி அலைகள் குழம்பும். கணினிக்குள் ஒரு பொய்ச்சூரியனை எழுப்பி, அதிலிருந்து ஒரு பொய்ப்புயலை விடுத்து, அது எப்போது பூமியைச் சேரும் என்று கணக்கிடும் மென்பொருள் ஒன்று எங்கள் அலுவலகத்தில் இருந்தது. அடித்தளத்து அறையில், காற்றாடிகள் ஓயாது முனகும் ஒரு பழைய கணினியில் அது குடியிருந்தது. எழுதியவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். நிரலின் நடுவே அவர்களுள் யாரோ ஒருவர், ‘இந்த வரியை நீக்காதீர், ஏன் என்று எனக்கும் தெரியாது’ என்று குறித்து வைத்திருந்தார்.

இந்த மென்பொருளை மேகக் கணிமைக்கு மாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எங்கோ கண்காணாத கூடங்களிலிருந்து வேண்டும்போது வேண்டிய அளவு கணினிகளை வரவழைத்து, வேலை முடிந்தவுடன் அவற்றை இல்லாமலாக்கிவிடும் ஏற்பாடு அது. அழைத்தால் தோன்றும், ஏவியதைச் செய்யும், மறைந்துவிடும். ஆவிகளை ஏவல்கொள்வோர் கதைகளைச் சிறுவயதில் நான் மிகுதியாகக் கேட்டிருக்கிறேன். அக்கதைகளின் முடிவு என்ன என்பதை மட்டும் வசதியாக மறந்திருந்தேன்.

ஒரு சூரியப் புயலின் வேகத்தை யாராலும் துல்லியமாக அறிய முடியாது. ஆகவே மென்பொருள், ‘மெதுவாக வந்தால் இந்த நேரம், விரைவாக வந்தால் அந்த நேரம்’ என்று பல வேகங்களை வைத்துக்கொண்டு கணக்கிடும். பழைய கணினி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து, எல்லாம் முடிந்தபின் விடைகளைத் திரட்டி, உரியவர்களுக்கு ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் எச்சரிக்கை கூறும். நான் அந்த மென்பொருளைத் துண்டு துண்டாக அறுத்து, துண்டுக்கொரு மேகக் கணினியாகப் பகிர்ந்தளித்தேன். அறுத்தவள், தொலைபேசியில் பேசும் பகுதியைத் தனியே எடுத்து வைக்க மறந்தேன். ஒரு வாய் இருந்த இடத்தில் பல வாய்கள் முளைத்தன. முளைத்தது எனக்குத் தெரியாது.

அந்த மார்கழியில் நான், கடலை ஒட்டிய ஏரிக்கரையிலுள்ள கோட்டைக்குப்பத்தில், எங்கள் வீட்டிலிருந்தே பணிசெய்துகொண்டிருந்தேன். சோதனை ஓட்டத்துக்கு ஒரு தொலைபேசி எண் வேண்டும். அதிகாரிகளின் எண்ணைத் தரக்கூடாது என்பது ஆணை. என் கைப்பேசியோ மடிக்கணினிக்கு இணையம் வழங்கிக்கொண்டிருந்தது. மொட்டைமாடியில், மூடியில்லாத தண்ணீர்த் தொட்டியின் விளிம்பின்மேல், வடகிழக்கு நோக்கி, ஒரு குறிப்பிட்ட சாய்வில் வைத்தால்தான் அதற்கு அலைவரிசை கிட்டும். அதைத் தொட்டால் போயிற்று. ஆகவே நைனாவின், அதாவது என் அப்பாவின், பொத்தான் கைப்பேசி எண்ணைக் கொடுத்தேன். நைனா மீன்பிடிக்க ஏரிக்குப் போகும்போது அதை வீட்டிலேயே விட்டுச் செல்வார். மணி அடித்தால் நானே கீழிறங்கி எடுத்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம்.

அடுத்து, எச்சரிக்கை வாசகம். ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழாக்க வேண்டும். இயந்திரக் குரல்தானே வாசிக்கப்போகிறது என்று எவரும் எழுதும் தட்டையான நடையில் எழுத என் மனம் இடம் தரவில்லை. நான் யார்! பள்ளியில் செய்யுள் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள். எழுதினேன்:

“கேண்மின்! கதிரவனின் புறமண்டலத்தினின்று கிளர்ந்தெழுந்த பெருங்கொந்தளிப்புப் புவியை நோக்கி விரைந்து வருகின்றது. அது வந்தடைய இன்னும் ஏழரை நாழிகையே உள்ளது. அஞ்சற்க, ஆயினும் விழித்திருமின். இஃது ஒத்திகையே.”

மணி என்பதைவிட நாழிகை செவிக்கு இனிதென்று கருதி, மணிக்கணக்கை இரண்டரையால் பெருக்கும் ஒரு வரியையும் நிரலில் சேர்த்தேன். (இப்ப நெனச்சா உடம்பெல்லாம் கூசுது.) அழைப்பு இத்தனை நொடிக்குமேல் நீளாது என்ற விதி ஒன்று இருந்ததைக் கவனிக்கவில்லை. என் சொல்வளம் அந்த நொடிகளையெல்லாம் உண்டுவிட்டதனால், கடைசி வாக்கியம் எந்த அழைப்பிலும் ஒலிக்கவே இல்லை.

இனி நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. இறால் ஓடும் நல்ல இடங்களை ஊரார் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். இன்று ஒருவர், நாளை அடுத்தவர் என்று சுற்றிச் சுற்றி வரும். முகத்துவாரத்தை ஒட்டிய இடம்தான் இருப்பவற்றுள் சிறந்தது. அதற்கான பாடு நைனாவுக்கு அந்தப் பருவத்தில் ஒரே ஒரு நாள் வாய்த்திருந்தது. நான் சோதனை வைத்திருந்த அதே நாள். தவறவிட்டால் அடுத்த பருவம்தான். இரண்டு வாரமாக அவர் வீட்டில் வேறு பேச்சே பேசவில்லை. புது வலையை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தைக்குப் பேன் பார்ப்பதுபோலக் கண்ணி கண்ணியாகத் தடவிக்கொண்டிருந்தார். இருள் பிரியுமுன்பே, கூட்டாளி ஒருவரோடு புறப்பட்டுப் போயிருந்தார்.

அன்று விடிந்தது என்பதைக் கடிகாரம் சொல்லித்தான் அறிந்தேன். மூடுபனி அப்படி. மாடியிலிருந்து பார்த்தால் ஏரி இல்லை, கரை இல்லை, எதிர்வீட்டுத் தென்னையின் அடிமரம் மட்டும் வெண்மைக்குள் ஏறிக் காணாமல் போயிருந்தது. பூநாரைகள் எங்கோ நின்று அடித்தொண்டையில் முனகுவது கேட்டது. காற்று அசையவில்லை. சோதனையைத் தொடங்கும் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நிகழவில்லை. நிகழாது, கணக்கிடச் சற்று நேரம் ஆகும். தேநீர் குடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது.

ஆண் குரலும் அன்று, பெண் குரலும் அன்று. மூச்சு வாங்காத, எச்சில் விழுங்காத குரல். அது நான்கு திசையிலிருந்தும் வந்தது. ஏரியின்மேல் படர்ந்து போய், எதன்மீதோ மோதி, இரண்டாம் முறையும் வந்தது.

“கேண்மின்…”

 யாரப்பா இவ்வளவு அழகான தமிழில் பேசுவது என்ற வியப்புத்தான் முதலில் தோன்றிற்று என்பதை மறைக்கமாட்டேன். “கிளர்ந்தெழுந்த” என்ற சொல்லுக்கு அது வந்தபோதுதான், அந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்தேன் என்பது நினைவுக்கு வந்தது. 

நடந்தது இதுதான். கடல் சீற்றம் பற்றிய எச்சரிக்கைகள் எங்கள் ஊர்க் கைப்பேசிகளுக்கு இயந்திரக் குரலில் வருவதுண்டு. அப்படி வந்தால், யார் வீட்டுக்கு வந்ததோ அவர்கள் கைப்பேசியை அணைக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு அம்மன் கோயிலுக்கு ஓட வேண்டும். அங்கே ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொள்ளும் ஏழுமலை அண்ணன் அதை மைக்கில் வைத்துப் பிடிப்பார்; ஊரே கேட்கும். பேசுவது மனிதர் இல்லையென்றால் ஓடு: இதுதான் எங்கள் ஊர் வழக்கம். இதை நான் குழந்தையிலிருந்தே அறிவேன். அறிந்திருந்தும் அந்த எண்ணைக் கொடுத்தேன். மணியடித்த மறுநொடி எடுத்துக் காதில் வைத்த அம்மா, ‘முக்கிய அறிவிப்பு, இணைப்பில் இருங்கள்’ என்று அது முன்னுரை சொல்லிக்கொண்டிருக்கும்போதே, என்னை அழைக்கக்கூட நிற்காமல் ஓடியிருக்கிறார்.

நிறுத்திவிடலாம் என்று மடிக்கணினிக்குப் பாய்ந்தேன். பாய்ந்த வேகத்தில் கை பட்டு, என் கைப்பேசி தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. இணையம் அற்றது. கண்காணாத கூடங்களில் என் ஏவலர்கள் ஒவ்வொருவராகக் கணக்கை முடித்து, வாயைத் திறக்கக் காத்திருந்தார்கள். அவர்களைத் தடுக்க எனக்கிருந்த ஒரே வழி, தொட்டியின் அடியில் மினுங்கி அணைந்தது.

நான் தெருவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது அழைப்பு வந்துவிட்டது. “…இன்னும் ஐந்து நாழிகையே உள்ளது.” கோயிலை நெருங்குமுன் மூன்றாவது: “…இரண்டரை நாழிகையே உள்ளது.” மெதுவான புயலை முதலிலும் விரைவான புயலை இறுதியிலும் நான்தான் வரிசைப்படுத்தியிருந்தேன். ஒவ்வொரு கணினியும் தன் விடையைத் தனியே சொன்னது. கேட்போருக்கோ, ஏதோ ஒன்று கடிகாரத்தை மதிக்காமல், பாய்ந்து பாய்ந்து நெருங்கி வருவதுபோல இருந்தது.

கோயில் முன்னால் பனிக்குள் நிழல் நிழலாகக் கூட்டம். எல்லாரும் ஒலிபெருக்கியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாய்கள்கூட ஏழுமலை அண்ணனின் காலடியில் ஒடுங்கியிருந்தன.

“இன்னாண்ணா சொல்லுது? எனுக்கு ஒண்ணுமே பிரியலியே,” என்றாள் தலையில் நண்டுக்கூடையோடு நின்ற தேசம்மா அத்தை.

“எனுக்கு மட்டும் பிரியுதா?” என்றார் ஏழுமலை அண்ணன். “மொதல்ல ஏழரைனு சொல்லிச்சி. இப்ப ரெண்டரைங்குது.”

“ஏழரையா! ஐயயோ, சனியன் பேரால்ல சொல்லுது!”

முழு அறிவிப்பிலும் ஊருக்கு விளங்கியது எண் மட்டும்தான். அது போதாதா?

“கொறஞ்சிக்கினே வருதே ஏழுமல. சைபருக்கு வந்தா இன்னா ஆவும்?” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

“அத்த அதுகிட்டயே கேளு.”

நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே விழுந்தேன். தலை அவிழ்ந்திருந்தது; ஓடியதில் மூச்சு இரைத்தது; இரவு உடை பனி ஈரத்தில் முழங்கால்வரை நனைந்திருந்தது. கைகளை உயர்த்தி, இருந்த வலிமையெல்லாம் திரட்டிக் கத்தினேன்: “அந்தக் குரல் நான்தான்! அதில் பேசுவதெல்லாம் நான்தான்! பயப்படாதீர்கள்!”

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. பிறகு தேசம்மா அத்தை நண்டுக்கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“தாயே! வந்துட்டியா!”

“அத்தை, நான் ரேவதி—”

“கோதண்டம் பொண்ணு மேல எறங்கிக்கிறாடி! மஞ்சத்தண்ணி கொண்டாங்க!”

ஒரு குடம் மார்கழிக் குளிர்நீர் என் தலையில் கவிழ்ந்தது. யாரோ வாய்நிறைய வேப்பிலை திணித்தார்கள். ஏழுமலை அண்ணன் கற்பூரத்தைக் கொளுத்தி என் மூக்கருகே காட்டினார். நான் வேப்பிலையைத் துப்பிவிட்டு, ‘மேகக் கணினி’, ‘சோதனை ஓட்டம்’ என்று சொல்லச் சொல்ல, அருள்வாக்கு ஏறிக்கொண்டே போகிறது என்று உடுக்கைக்கு ஆளனுப்பினார்கள். அம்மா ஒருவர்தான் உடன்படவில்லை. கைப்பேசியைப் பிடித்தபடி, கண் கலங்க என்னருகே வந்து மெல்லக் கேட்டார்:

“ஏண்டி, நைனா தண்ணிமேல இருக்குறாரு. நெசமாவே எதுனா வருதா?”

அந்தக் கேள்விக்கு நான் வாய் திறக்குமுன் அவர் கையிலிருந்த கைப்பேசி மீண்டும் அலறியது. ஏழுமலை அண்ணன் கடமை தவறாமல் அதை வாங்கி மைக்கில் வைத்தார்.

“…அது வந்தடைய இன்னும் பூச்சிய நாழிகையே உள்ளது. அஞ்சற்க, ஆயினும் விழித்திருமின்.”

அவ்வளவுதான். ஒலிபெருக்கி கரகரத்து ஓய்ந்தது. பூநாரைகளின் முனகல் நின்றுபோயிருந்தது. எல்லாரும் ஒரேநேரத்தில் மேலே பார்த்தார்கள். அங்கே, பனிக்குள், கதிர்கள் இல்லாமல், சூடில்லாமல், வெள்ளித்தட்டுப்போல ஒரு வட்டம் தொங்கியது. கண் கூசாமல் அதைப் பார்க்க முடிந்தது. அது எங்களைப் பார்ப்பதுபோலவும் இருந்தது. அந்தப் புயலைக் கற்பனையில் படைத்தவள் நான். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்பதை உலகில் அறிந்த ஒரே ஆள் நான். ஆயினும் சொல்கிறேன்: அந்தக் கணத்தில் நானும் தோள்களைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

ஏரியிலிருந்து கழி ஊன்றும் ஓசை வந்தது. சளப்… சளப்…  பனி கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து, ஒரு படகின் மூக்காயிற்று. பின் கழி ஊன்றும் கூட்டாளி ஆயிற்று, நைனா ஆயிற்று. தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டியிருந்தார், துக்க வீட்டுக்கு வருபவரைப்போல. படகில் புது வலை, இறால் ஒன்றுகூட இல்லாமல், ஈரமாய்ச் சுருண்டு கிடந்தது.

“யாரு செத்துப் பூட்டது?” என்றார் கரையேறியதும்.

கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கேக்குறன்ல? சேதி சொன்னாங்களே, எத்தினி வாட்டி! ஒரு எழவும் பிரியல, ஆனா அந்தக் கொரலு சாவு கொரலு. யாரு பூட்டது?”

ஊரில் சாவு விழுந்தால் அதுவும் இந்த ஒலிபெருக்கியில்தான் அறிவிக்கப்படும்; ஏரியில் இருப்பவர்கள் வலையை அவிழ்த்துவிட்டு வந்துவிட வேண்டும். நீர் வடிந்து இறால் ஓடத் தொடங்கிய அந்த வேளையில், பருவம் முழுதும் காத்திருந்து கட்டிய வலையை அவர் தம் கையாலேயே அவிழ்த்துக்கொண்டு வந்திருந்தார். தலைமுதல் கால்வரை மஞ்சள்நீர் சொட்ட, வாயோரம் வேப்பிலையோடு நின்ற மகளை அப்போதுதான் கண்டார்.

“இன்னா பாப்பா இது கோலம்?”

“நைனா,” என்றேன், “யாரும் சாகவில்லை. நான்தான்.”

பனி விலகுவதற்குள் நீரோட்டம் நின்றுவிட்டது. அன்றைய பாடு போயிற்று.

பிற்பகலில் பஞ்சாயத்துக் கூடியது. கேள்வி ஒன்றே: நைனாவுக்கு இழந்த பாடு திரும்ப உண்டா? காற்றாலோ வெள்ளத்தாலோ போன பாடு போனதுதான். அது அவரவர் தலையெழுத்து. சாவுக்காக விட்டுக்கொடுத்த பாடு மட்டும் திரும்பக் கிடைக்கும். நைனாவுடையது எதில் சேரும் என்பதற்கு முன்னுதாரணம் இல்லை. மறுநாள் அதே இடத்தில் பாடு வாய்த்திருந்த முனுசாமி மாமா முதலில் எழுந்தார்.

“பொயலுனு உன் பொண்ணே சொல்லிச்சி இல்ல? அப்ப காத்துக் கணக்கு. போனது போனதுதான். நாளிக்கி என்து.”

“பொயலு எங்கடா வந்தது?” என்றார் நைனா. “நான் சாவுனு நெனச்சித்தான அவுத்தேன்?”

“நீ நெனச்சா? செத்தவன் யாரு? காட்டு!”

தலைவர் தேசப்பன் கையமர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார். “பாப்பா, நீதான் படிச்ச பொண்ணு. உன்னிய ஒண்ணு கேக்குறன். அந்தச் சூரியப் பொயலு மெய்யாலுமே வந்துருந்தா, ஏரில இருக்குறவனுக்கு இன்னா ஆயிருக்கும்?”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் எண்ணினேன். “ஒன்றும் ஆகியிருக்காது, ஐயா.”

“ஒண்ணுமேவா?”

“ஜிபிஎஸ் சற்றுத் தடுமாறும்.”

“ஏரில எவன்டா ஜிபிஎஸ் வெச்சிக்கினு போறான்?”

“ஒருவரும் இல்லை.”

“வலைக்கி?”

“ஒன்றுமில்லை.”

“றாலுக்கு?”

“அதற்கும் ஒன்றுமில்லை, ஐயா.”

  பிறகு எங்கோ பின்வரிசையில் ஒருவர் மூக்கால் சிரித்தார். அது பரவியது. கடைசியில் நைனாவும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தேசம்மா அத்தை மட்டும், “எல்லாம் சரி, சாமி வந்தது வந்ததுதான்,” என்று முடிவாகச் சொல்லிவிட்டாள்.

தேசப்பன் நெடுநேரம் யோசித்தார். காற்றும் இல்லை, வெள்ளமும் இல்லை, சாவும் இல்லை. நைனாவுக்குக் கொடுத்தால் முனுசாமிக்கு அநியாயம்; மறுத்தால் நைனாவுக்கு அநியாயம். இறுதியில் தீர்ப்புக் கூறினார்:

“இன்னிக்கி நாளே இல்ல.”

“இன்னா?” என்றார் முனுசாமி மாமா.

“இன்னிக்கின்ற நாளு நம்ம ஊருல வரல. சூரியன் தின்னுட்டுது. நாளிக்கித்தான் கோதண்டம் பாடு. உன்து அதுக்கு மறுநாளு. எல்லாரு பாடும் ஒரு நாள் தள்ளிக்கும். எவனுக்கும் நஷ்டமில்ல.”

“நாளே இல்லனா, காலைல நான் துன்ன நாஸ்தா?”

“அத்த நாளிக்கித் துன்னதா வெச்சிக்கோ.”

அப்படித்தான் எங்கள் ஊரில் ஒரு நாள் இல்லாமற் போயிற்று. மறுநாள் நைனா வலை கட்டினார்; படகின் விளிம்பு நீரைத் தொடும்படி திரும்பி வந்தார். ஊருக்கு அன்றுமுதல் ஒரு புதிய கட்டளையும் உண்டு: மைக்கில் எது பேசினாலும் முதலில் தேசம்மா அத்தைக்கு விளங்க வேண்டும், விளங்கவில்லையென்றால் அது எச்சரிக்கை இல்லை. அலுவலகத்தில் மேகக் கணினிகளின் வாய்களை ஒன்றொன்றாகத் தேடி அடைத்தேன். அன்று பேசிய கணினிகள் வேலை முடிந்த கையோடு அழிந்துவிட்டிருந்தன. குரல் மட்டும் இருந்தது. பேசியவர் எவரும் எங்கும் இல்லை. 

பாடு முறைக் கணக்கில் எவருக்கேனும் ஐயம் வந்தால், “சூரியன் தின்னத சேத்தியா, சேக்காமலா?” என்றுதான் இப்போதும் கேட்டுக்கொள்கிறார்கள். கடன் வேண்டுமா என்று ஏதேனும் இயந்திரக் குரல் கைப்பேசியில் அழைத்தால், அம்மா கேட்டு முடிக்காமலே என்னிடம் நீட்டுவார்: “இந்தா, உன் ஆளு.”

மார்கழிப் பனி இறங்கிய காலைகளில் கோயில் ஒலிபெருக்கி கரகரத்தால், ஊரார் வானத்தைப் பார்ப்பதில்லை, ஏரியைப் பார்ப்பதில்லை. எங்கள் மொட்டைமாடியைப் பார்க்கிறார்கள். நான் எழுந்து நின்று, நான் இல்லை என்பதற்கு அடையாளமாக, வெறுங்கைகள் இரண்டையும் மேலே தூக்கிக் காட்டுவேன். கீழே வலையை உதறிக்கொண்டிருக்கும் நைனா நிமிர்ந்து பாராமலே சொல்வார்:

“கைய எறக்கு பாப்பா. தேசம்மா கொடத்த எடுத்துக்கினு வந்துடப் போறா.”